குளிரில் குலுங்கும் எஞ்சின்

பாலக்காட்டுச் சமவெளியில் ஒழுங்காய்ப் புறப்படும் பழைய டீசல் ஜீப், மூணாற்றின் தை மாத விடியலில் வெண்புகை கக்கிக் குலுங்குவதுண்டு. சிறிது நேரத்தில் தானே சீராகிவிடும். அங்கே சில நாள் குளிர் பூஜ்ய டிகிரியை எட்டுகிறது.

டீசலுக்குத் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூடே அதைப் பற்றவைக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின்களில், குளிர்ந்த சிலிண்டருக்கு உதவுவது அதுவே. நான்கில் ஒன்று பழுதானாலும் எஞ்சின் உதறும். எரியாத டீசலே அவ்வெண்புகை.

பரீட்சை எளிது. எஞ்சினை நிறுத்திப் பிளக்குகளின் இணைப்புக் கம்பியைக் கழற்றுக. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிடிவில் சேர்த்து, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுக. எதில் விளக்கு எரியவில்லையோ, அதை மாற்றுக. எல்லாவற்றிலும் எரிந்தால், பிளக்குகளுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூடேறிய பின்னும் குலுக்கல் நீடித்தால்தான் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் சோதிக்கும் செலவு நியாயம்.

ஓட்டிச் சூடாக்கிய வண்டியைப் பட்டறையில் காட்டிப் பயனில்லை. முதல்நாள் மாலையே அங்கு விட்டு, காலையில் மெக்கானிக்கின் முன்னிலையில் ஸ்டார்ட் செய்க.

குளிருக்கு அஞ்சி ஷெட் கதவை அடைத்து எஞ்சினை ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைப் பறிக்கும்.