புங்கமரம் எந்த நாட்டு மரம்?

பள்ளி விடுமுறையில் பெயரனை அழைத்துக்கொண்டு வேளச்சேரியினின்று நகரப் பூங்கா ஒன்றுக்குச் சென்றோம். எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். அங்கே ஒரு மரத்தில் அறைந்திருந்த பலகையை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். மேலே இலத்தீனில் 'பொங்காமியா'. கீழே ஆங்கிலத்தில் 'இந்தியன் பீச்'. தமிழில் ஓரெழுத்தும் இல்லை. "இஃது எந்த நாட்டு மரம், தாத்தா?" என்று கேட்டான். அவன் நாடோறும் பள்ளி வண்டிக்காக நிற்கும் தெருமுனையில் அவனுக்கு நிழல் தருவதே அந்தப் புங்கமரந்தான்!

தமிழ்ப் பெருமக்களே, அந்தப் பலகையைச் சற்று உரசிப் பாருங்கள். பீச் என்பது ஐரோப்பியக் காட்டு மரம். புங்கோ அவரையினத்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெள்ளைக்காரன் தன் ஊர் மரத்தின் பெயரைத் தூக்கி நம் மரத்தின் தலையில் வைத்தான். இறக்கி வைக்க நமக்கு இன்னும் கை வரவில்லை. 'பொங்காமியா' யாருடைய சொல்? நம் புங்கே இலத்தீன் உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது! முருங்கை 'மொரிங்கா' ஆயிற்று. வெட்டிவேர் 'வெட்டிவேரியா' ஆயிற்று. இலின்னேயசு 1753இல் வெளியிட்ட நூலில் மாமரத்துக்குள்ள 'மாஞ்சிபெரா' என்னும் பெயருக்குள்ளும் நம் மாங்காய் இருக்கிறது. அதற்கும் முன்னர், கொச்சியில் ஆளுநராயிருந்த ஒல்லாந்தர் வான் இரீடு, சேரநாட்டு மரஞ்செடிகளைப் பற்றிய 12 மடலங்களை உருவாக்கினார். அவை 1678 முதல் 1693 வரை வெளிவந்தன. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரின் வாய்மொழியைக் கேட்டு, நாட்டுப் பெயர்களையே அவற்றில் பதித்தனர். அயலான் நம் மருந்தறிவை அள்ளிக்கொண்டு போனான்; அதை யாம் பாராட்டவில்லை. ஆனால் பெயரையாவது கேட்டுக்கொண்டு போனான். நம் பூங்காக்காரர் அதையும் கேட்பதில்லை.

'தாவரவியல் பூங்கா' என்று எழுதிவிட்டால் தமிழாயிற்று என எண்ணுவாரும் உளர். 'நிலைத்து நிற்பது' என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபே தாவரம். பாவாணர் ஆண்ட 'நிலைத்திணை' என்னும் செந்தமிழ்ச் சொல் இருக்க, இந்தக் கடன் எதற்கு?

சொல்லை விடுங்கள், அறிவுக்கு வருவோம். புறத்தே வன்மையுடையது புல், அகத்தே வன்மையுடையது மரம் என்று பகுத்தது தொல்காப்பிய மரபியல். அதன்படி தென்னையும் பனையும் புல்லினம். இற்றை அறிவியலும் தென்னையை ஆலோடும் வேம்போடும் வைக்காமல், ஒருவித்திலை என்று புல்லின் பக்கமே வைக்கிறது. இவ்விரண்டின் உறுப்புகளுக்கும் வெவ்வேறு சொற்கள் வகுத்தனர் நம் முன்னோர். புல்லுக்கு ஓலை, மடல், பாளை, ஈர்க்கு. மரத்துக்கு இலை, தளிர், சினை, அரும்பு. 'தென்னை இலை' என்று சொல்லிப் பாருங்கள். நம் ஊர்க் கிழவி இன்றும் சிரிப்பாள். சென்னையில் 2010இல் செம்மொழிப் பூங்காவும் 2011இல் தொல்காப்பியப் பூங்காவும் திறக்கப்பெற்றன. வாயிலில் அப்பெயர்களைச் சூட்டியது நன்று. அந்தத் தொல்காப்பியர் சொன்ன பாகுபாட்டை ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு தென்னையின் அடியில் எழுதி நடுக! உதகையில் 1848இல் மக்கைவர் அமைத்த தோட்டத்துக்குத் தமிழர் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். மலர்ப்பாத்தி முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காட்டில், காரையும் களாவும் மண்டிக் கிடக்கின்றன. களாப்பழம் தின்ற வாய் இன்று எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு?

யாம் கேட்பது பெரிதன்று. பலகையின் முதல் வரியில் ஊரார் வழங்கும் தமிழ்ப்பெயர் இருக்கட்டும். அடுத்து இலத்தீன், அஃது உலகப் பொது, யாம் மறுக்கவில்லை. எஞ்சிய இடத்தில் ஆங்கிலம் இருந்துவிட்டுப் போகட்டும். அதுவரை, பூங்காவுக்குச் செல்லும் தமிழர் ஒவ்வொருவரும் அங்குள்ள பார்வையாளர் ஏட்டில் இதையே எழுதிவிட்டு வருக.

அன்று மாலை எம் தெருவுக்குத் திரும்பியதும் பெயரன் விடவில்லை. புங்கைச் சொன்னோம், அடுத்திருந்த பூவரசையும் சொன்னோம். மூன்றாவது மரத்தின் பெயர் எமக்கே தெரியவில்லை. கீழே கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மையாரைக் கேட்டோம். "ஒதியமரம்" என்றார், நிமிர்ந்தும் பாராமல்.