பால்மரமும் இயற்கைதான்

கரப்பான் வந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஓர் அறிவுரையை வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். "சோப்பு, கிரீம், சவுக்காரத் தூள் எல்லாமே கெமிக்கல். தூக்கிப் போடு. நம்ம பாட்டிமார் மாதிரி இயற்கைக்கு மாறு, தன்னால சரியாயிடும்." பேராக்கின் செமோரில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இதைக் கேட்காத தாய்மார் குறைவு. பாசார் மாலாமில் இதே பேச்சைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். சொல்கிறவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் சொல்லும் செய்தி தவறு. அந்தத் தவறைச் சுமப்பது, எரிகிறது என்று சொல்லக்கூடத் தெரியாத வயதில் இருக்கும் பிள்ளை.

இந்தப் பேச்சின் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: இயற்கையில் விளைந்தது உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். வேறு ஊர்க்காரர் நம்பினால் நம்பட்டும், பேராக்கின் தோட்டத்து வழி வந்த நாம் எப்படி நம்புகிறோம்? 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். செமோருக்கு அது பக்கத்து ஊர் போலத்தான். அந்த மரத்தை வெட்டினால் மங்கில் சொட்டும் பாலைவிட இயற்கையான பொருள் எது? அந்தப் பாலில் உள்ள புரதங்கள்தான் லேடெக்ஸ் ஒவ்வாமைக்குக் காரணம். கையுறை பட்ட இடம் தடித்துச் சிவப்பதில் தொடங்கி, மூச்சு அடைத்து உயிர் போகும் வரை அது செல்லக்கூடும். முதுகெலும்புக் குறையோடு பிறந்து, அடிக்கடி அறுவை சிகிச்சைக்கு ஆளாகும் குழந்தைகளிடம் அது அதிகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1991இல் மருத்துவமனைகளை எச்சரித்தது. மாவு பூசிய கையுறைகளை 2017 ஜனவரியிலிருந்து அங்கே தடையே செய்துவிட்டார்கள், ஏனென்றால் அந்த மாவு புரதத்தைக் காற்றில் கொண்டுபோகிறது. நம் நாட்டு ரப்பர் வாரியமும் கையுறையில் புரத அளவைக் குறைக்கத் தனித் தரச்சான்றுத் திட்டமே வைத்திருக்கிறது. ஆக, செயற்கை நைட்ரைல் கையுறை சிலருக்கு உயிர்காப்பாக இருக்கிறது. மரத்துப் பால் அவர்களுக்கு ஆகாது. தோலுக்கு ஒரு பொருளின் பிறப்பிடம் தெரியாது, அதிலுள்ள மூலக்கூறு மட்டுமே தெரியும்.

"பாட்டிமார் காலத்தில் கரப்பானே கிடையாது" என்பார்கள். சொறியும் சிரங்கும் லயத்து வாழ்க்கையில் ஒட்டிக்கொண்டே இருந்தவை. அதை மறந்துவிட்டுப் பேசுவது, அந்த வரிசை வீடுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் பட்ட பாட்டை மறப்பதாகும். பாட்டி துணிக்கும் பிள்ளைக்கும் ஒன்றாகப் பயன்படுத்திய கட்டிச் சவுக்காரம் கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துச் செய்தது. அது எந்தச் செடியிலும் காய்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. கரப்பான் உள்ள பலருக்குத் தோலின் மேலடுக்கைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவிலேயே குறை இருப்பது 2006இல் தெரிய வந்தது. பிறவியிலேயே கசியும் தோல் அது. சோப்பை மாற்றினால் எரிச்சல் குறையலாம், நோய் வேரோடு போய்விடாது. இது தெரியாமல், "நீ கண்டதைப் பூசினதால்தான்" என்று தாயைக் குற்றம் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

அடுத்தது, கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம்: "சாப்பிடுகிற பொருள்தானே, தோலில் பூசினால் என்ன?" பயத்தம் மாவு, கடலை மாவு, பால், ஓட்ஸ் எல்லாம் குளியலறைக்குப் போவது இந்த வாதத்தின் பேரில்தான். வயிறும் தோலும் புதிய புரதத்தை ஒரே மாதிரி வரவேற்பதில்லை. வயிற்றின் வழியாக வரும்போது உடம்பு அதைப் பெரும்பாலும் உணவென்று பழகிக்கொள்கிறது. வெடித்த தோல் வழியாக நுழைந்தால் எதிரி என்று குறித்து வைக்கும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தோல் தடிப்புக்கு நிலக்கடலை எண்ணெய் கலந்த கிரீம் பூசப்பட்டதற்கும் பின்னாளில் வந்த நிலக்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஜப்பானில் நடந்தது இன்னும் தெளிவு. 'சா நோ ஷிசுகு' என்ற முகச் சோப்பில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்திருந்தார்கள். அதனால் முகம் கழுவிய 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, அதுவரை ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த ரொட்டியும் நூடுல்சும் ஒவ்வாமல் போயின. 2011இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். நிலக்கடலையும் பயறும் கடலையும் ஒரே அவரைக் குடும்பம். தோல் நன்றாக இருக்கும் குழந்தைக்கு நலங்கு மாவு தேய்ப்பதை நான் தடுக்க வரவில்லை. செந்நிறமாகக் கசிந்துகொண்டிருக்கும் முழங்கை மடிப்பில் மாவைத் தேய்க்காதீர்கள். அதன் சொரசொரப்பே அந்த இடத்தை மேலும் உரித்துவிடும்.

வீடு துடைக்கவும் துணி துவைக்கவும் சொல்லப்படும் மாற்றுகளை விரைவாகவே பார்த்துவிடலாம். தோல் இயல்பாக லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 5ஐ ஒட்டியிருக்கும். சோடா உப்புக் கரைசல் 8ஐத் தாண்டும். துணியில் அது தங்கிவிட்டால் சலவைத் தூள் தங்குவதைவிட மேல் என்று சொல்ல முடியாது. எதில் துவைத்தாலும் இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசுவதுதான் பலன் தரும். எலுமிச்சைச் சாற்றை உடம்பில் தேய்த்துவிட்டு வெயிலில் விளையாட விட்டால் கொப்புளமே கிளம்பும். அதிலுள்ள ஃபியூரனோகூமரின் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடுகிறது, தழும்பு வாரக்கணக்கில் மறையாது. வினிகரைக் குளோரின் நீரோடு கலப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதிலிருந்து கிளம்புவது நச்சு வாயு.

வாசனைக்கும் கொசுவுக்கும் "செயற்கை வேண்டாம், செரை எண்ணெய் தெளி" என்கிறார்கள். செரையில் சிட்ரால், ஜெரானியால். லாவெண்டரில் லினலூல். ஆரஞ்சுத் தோலில் லிமோனீன். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் ஒவ்வாமை தரக்கூடியவை என்று, பொதியில் பெயர் போட்டே தீர வேண்டும் எனப் பட்டியலிட்ட 26 வாசனைப் பொருள்களில் இந்த நான்கும் உண்டு. திறந்த புட்டியில் காற்றுப் பட்டுப் பட்டு இவற்றில் சில மேலும் கடுமையாகின்றன. கரப்பான் குழந்தைக்கு வாசனையே வேண்டாம், பூவிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

என்னை மிகவும் கலங்க வைப்பது நாட்டு மருந்து அலமாரி. சளி பிடித்த பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். சூடம் தோல் வழியாக உடம்புக்குள் போகும். வெடித்த தோலில் இன்னும் வேகமாகப் போகும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், வீட்டில் சூடத்தைப் பயன்படுத்தியதால் வலிப்பு வந்த மூன்று குழந்தைகளைப் பற்றி 2009இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். அமெரிக்கா 1983இலேயே பூசும் மருந்துகளில் சூடத்தின் அளவை 11 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. பூசைக் கட்டியில் எத்தனை விழுக்காடு என்று எந்தப் பாட்டிக்குத் தெரியும்? அது இன்று பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது, இயற்கை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

வேப்பெண்ணெய் பற்றிய எச்சரிக்கை வெளியூரிலிருந்து வந்ததல்ல, நம் நாட்டிலிருந்தே போனது. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்களான சின்னையாவும் பாஸ்கரனும் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அது குடிக்கக் கொடுத்தது, பூசியதல்ல. ஆனால் பூச வாங்கிய புட்டியும் புகட்ட எடுத்த புட்டியும் அதே அலமாரியில்தான் நிற்கின்றன. இளஞ்சூட்டு நீரில் வேப்பிலை போட்டுக் குளிக்க வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. மருதாணி மட்டும் கவனம்: ஜி6பிடி குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு அதைப் பூசியதால் இரத்த அணுக்கள் உடைந்த நிகழ்வுகள் வளைகுடா நாடுகளில் பதிவாகியுள்ளன. நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடனேயே இந்தக் குறைபாட்டுக்கான சோதனையைச் செய்துவிடுகிறார்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

அப்படியானால் இயற்கைப் பொருள் எதுவுமே உதவாதா? உதவும், சோதித்துப் பார்த்தவை. பிலிப்பைன்ஸில் லேசான, நடுத்தரக் கரப்பான் கொண்ட 117 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெயும் மீதிப் பேருக்குக் கனிம எண்ணெயும் எட்டு வாரம் பூசினார்கள். நோயின் கடுமை முதல் கூட்டத்தில் 68 விழுக்காடு குறைந்தது, மற்றதில் 38. பாட்டி இங்கே சரி. அதே நேரத்தில், மேலும் உயர்ந்தது என்று பலர் வாங்கும் ஆலிவ் எண்ணெயை ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் பெரியவர்களின் தோலில் பூசிப் பார்த்தபோது, அது தோலின் தடுப்பைத் தளர்த்தியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. மூன்றுமே செடிகொடி மரத்திலிருந்து வந்தவை. இயற்கை என்ற ஒரே அடையாளத்தை வைத்து இவற்றைப் பிரித்திருக்க முடியுமா? மறுபுறம், கிளினிக் தரும் எல்லாமே நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். அக்குவஸ் கிரீமைப் பூசி அப்படியே விட்டால் சில குழந்தைகளுக்கு எரியும் என்று பிரிட்டனின் மருந்து நிர்வாகமே 2013இல் எச்சரித்தது. எரிகிறது என்றால் மாற்றித் தரக் கேளுங்கள். வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மலிவானது, அதில் ஒவ்வாமை வருவது மிக அரிது.

கடைசியாக, "கிளினிக் மருந்து ஸ்டீராய்டு, மூலிகைக் கிரீம்தான் பாதுகாப்பு" என்பது. பர்மிங்காமில் குழந்தைகளின் கரப்பானுக்குப் பூசப்பட்ட 24 மூலிகைக் கிரீம்களைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். 20இல் ஸ்டீராய்டு இருந்தது, பெயர் போடாமல், அளவு சொல்லாமல். இரண்டே நாளில் ஆற்றிய அதிசயக் கிரீமின் இரகசியம் பல நேரம் இதுதான். நம் நாட்டிலும் இப்படிக் கலப்படம் செய்த அழகுப் பொருள்களின் அனுமதியைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது இரத்து செய்து பெயரோடு அறிவிக்கிறது. பதிவான மருந்தில் மால் என்று தொடங்கும் எண் இருக்கும். அழகுப் பொருளுக்கு நோட் என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. இரண்டையும் முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண்ணே இல்லாத டப்பாவைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் ஸ்டீராய்டின் பெயரும் வீரியமும் டியூபிலேயே எழுதியிருக்கும், எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்வார். அடங்காவிட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் பூசிய எல்லாப் புட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூலிகையையும் சேர்த்து. பூசும் அளவு தெரியாமல்தான் பலர் பயந்து கொஞ்சமாகத் தடவி, மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலம், விரல்களோடு சேர்த்து, சிவந்திருக்கும் இடத்துக்கு அது போதும்.