கரண்டி யார் கையில்?



தீபாவளி இதழில் என்ன இனிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் அதிரசத்துக்கும் லாடுக்கும் ஆள் இருந்தாலும், கூட்டம் என்னவோ பால்கோவா பக்கம்தான். அதிலும் பலருடைய நிபந்தனை ஒன்றே: சீக்கிரம் முடிய வேண்டும்.

சமையல் பகுதியில் அதைக் கொடுத்திருக்கிறோம். ஒரு டின் மில்க்மெய்ட், ஒரு கரண்டி தயிர், கொஞ்சம் நெய். மைக்ரோவேவில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறிக்கொண்டே வந்தால் ஏழெட்டு நிமிடத்தில் மணல்மணலாகத் திரண்டு நிற்கும். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டின்னில் இருப்பதும் பால்தான். நம் அடுப்பில் வற்ற வேண்டிய தண்ணீரை எங்கோ ஓர் ஆலை முன்கூட்டியே வற்றவைத்து, சர்க்கரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. அலுவலகம் விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்கு முறுக்கு மாவு பிசைகிறவரிடம் போய் விறகடுப்புப் பெருமை பேசுவது அழகல்ல.

ஆனாலும் இந்தப் பக்கத்தை நின்று காய்ச்சும் பால்கோவாவுக்கு ஒதுக்க நினைக்கிறேன். அதைப் பற்றி எனக்கு ஒரு வம்பு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பால். கொழுப்பு நிறைந்த பால் வேண்டும். ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் வரும் ஆவின் பாலில் கொழுப்பு 6 சதவீதம், மற்ற திடப்பொருள் 9 சதவீதம். ஆக ஒரு லிட்டரில் 150 கிராம் சொச்சம்தான் சரக்கு, மீதியெல்லாம் தண்ணீர். நீலப் பாக்கெட்டில் இன்னும் குறைவு. கொழுப்பு 3 சதவீதம்தான். அதில் செய்தாலும் பால்கோவா வரும், ஆனால் வறட்டுத்தனமாக இருக்கும், அளவும் குறையும். இரண்டு லிட்டர் கொழுப்புப் பாலில் 200 கிராம் சர்க்கரை போட்டால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் தேறும். ‘இவ்வளவு பாலுக்கு இவ்வளவுதானா’ என்று முதல் தடவை செய்கிறவர்களுக்கு முகம் விழுந்துவிடும். கடையில் அது ஏன் அந்த விலை என்பதும் அப்போதுதான் புரியும்.

பாத்திரம் அடி கனமாக இருந்தால் போதாது, வாய் அகலமாகவும் இருக்க வேண்டும். ஆவி வெளியேறுவது பாலின் மேற்பரப்பிலிருந்துதான். குறுகிய வாய்ப் பானையில் இரண்டு மணி நேரம் நிற்கிற வேலை, அகலமான உருளியிலோ வாணலியிலோ ஒரு மணி, ஒன்றேகால் மணியில் முடிந்துவிடும். பால் பொங்கி வரும்வரை தீ பெரிதாகவே இருக்கட்டும். பொங்கியதும் குறைத்துக்கொண்டு, ஒரு சிறு பீங்கான் தட்டையோ எவர்சில்வர் கிண்ணியையோ உள்ளே போட்டுவிடலாம். பாயசத்துக்குப் பால் குறுக்கும்போது நம் வீடுகளில் செய்கிற அதே உபாயம். கொதியில் அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்; பால் பொங்கி வழியாது. முதல் அரை மணி நேரம், அவ்வப்போது அடிவரை துழாவிவிட்டால் போதும், நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம். ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து வழித்துப் பாலிலேயே தள்ள வேண்டும். பால்கோவாவில் பல்லில் தட்டுப்படும் அந்த மெல்லிய திரிகள் இந்த ஏடுதான்.

பால் பாதிக்குக் கீழே இறங்கியதும் தட்டை எடுத்துவிடுங்கள். உட்கார்ந்திருந்த காலமும் அத்துடன் முடிந்தது. சலசலவென்று கொதித்தது ‘பொத், பொத்’ என்று வெடிக்கத் தொடங்கும். பாலின் புரதம் சூட்டில் அடியில் படியப் பார்க்கும். ஒரு நிமிடம் கரண்டி நின்றால் போதும், அடிபிடித்த வாடை மொத்தப் பாலிலும் ஏறிவிடும், பிறகு எந்த ஏலக்காயும் அதைக் காப்பாற்றாது. தீயைச் சிறிதாக்கி, நீளக் கைப்பிடிக் கரண்டியால், நடுவிலும் ஓரத்திலும் மாற்றி மாற்றித் துழாவ வேண்டும். கைப்பேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிடுவது உத்தமம்.

சர்க்கரை எப்போது? பால் நாலில் ஒரு பங்காகி, கரண்டியைத் தூக்கினால் தொப்பென்று விழும் பதத்தில். முன்னாலேயே போட்டால் அடிபிடிக்கும், நிறமும் கறுக்கும். இந்தப் பதத்தில் போட்டாலும் ஒரு சோதனை உண்டு. கெட்டியாகி வந்தது சர்க்கரை கரைந்ததும் மறுபடி இளகி ஓடும். பலர் இங்கேதான் பயந்து தீயைக் கூட்டுவார்கள். கூட்டவே கூடாது. பத்து நிமிடத்தில் மீண்டும் சுருண்டு வரும். ஓரத்தில் நெய் கசிந்து மினுங்கும்போது, ‘இன்னும் கொஞ்சம் இறுகலாமே’ என்று தோன்றும் நிலையிலேயே இறக்கிவிடுங்கள். மீதியை அது ஆறும்போது தானே பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து நெய் ஊற்றத் தேவையில்லை. முந்திரி, குங்குமப்பூவெல்லாம் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், வேண்டாம்.

அந்த இளம்பழுப்பு நிறத்துக்குத் தனியாக எதுவும் சேர்ப்பதில்லை. பாலிலேயே உள்ள சர்க்கரையும் புரதமும் நெடுநேரச் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விவரித்த வினை இது. இதையே இன்னும் நெடுநேரம் வதக்கிச் சிவக்கவிட்டால் மதுரா பேடா, தார்வாட் பேடா பக்கம் போய்ச் சேர்வோம்.

வெல்லம் போட்டுத் திரட்டுப்பால் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணச் சீரில் சம்படம் நிறையத் திரட்டுப்பால் வைக்கும் வீடுகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெல்லத்தில் இருக்கும் புளிப்பு பாலைத் திரித்துவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகாக்கி, பால் நன்றாகச் சுண்டிய பிறகே சேர்க்க வேண்டும். அப்போதும் கொஞ்சம் மணல்மணலாகத் திரளும். திரட்டுப்பாலுக்கு அது அழகு.

பால்கோவா என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொல்லாமல் எப்படி? ஆண்டாள் கோயில் வீதியில் பால்கோவாக் கடைகள்தான் வழிநெடுக. மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடு உண்டு, பால் உண்டு. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் விற்காமல் மிஞ்சும் பாலை மறுநாள் வரை வைத்திருக்க முடியாது; காய்ச்சிச் சுண்டவைத்தால் சில நாள் தாங்கும். பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் வேண்டாத அந்தப் பண்டத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது என் வம்பு. அந்த ஊர்க் கடைகளின் பின்கட்டில், விறகடுப்பின் அனலில் நின்று, பெரிய இரும்புச் சட்டியில் பால் துழாவுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டிலும் அப்படித்தான். தோளும் முதுகும் நோகிற வேலை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கூலி உண்டு, ‘மாஸ்டர்’ என்ற மரியாதையும் உண்டு. அதே வேலை வீட்டுக்குள் வந்ததும் தோள்வலி மறைந்து ‘கைமணம்’ ஆகிவிடுகிறது. ‘எங்கம்மா கைக்கு ஈடு உண்டா’ என்று சொல்கிறவர், அந்தக் கை ஒன்றரை மணி நேரம் ஓயாமல் சுழன்றபோது கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவராக இருப்பார். சீக்கிரமாகச் செய்யும் வழி கேட்டு எழுதிய வாசகிகளின் கடிதங்களில் சோம்பலை நான் பார்க்கவில்லை. இரண்டாவது ஆள் இல்லாத அடுப்படியைத்தான் பார்த்தேன்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு என் யோசனை: பால் வாங்கி வருகிறவர் பாலோடு சமையலறைக்குள்ளும் வரட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். கல்லூரியில் படிக்கும் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை, தாத்தா, எல்லோருக்கும் முறை உண்டு. கை மாறினால் பக்குவம் கெடும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். கெடாது. சர்க்கரை போடும் அந்தக் கட்டத்தை மட்டும் கைப்பழக்கம் உள்ளவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும். சட்டியில் ஒட்டியிருக்கும் காந்தலைச் சுரண்டித் தின்னும் உரிமை, துழாவியவர்களுக்கு மட்டுமே என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். குழந்தைகள் தானாக வரிசையில் நிற்பார்கள்; ஆனால் கொதிபால் தெறிக்கும், சின்னவர்களை அடுப்பிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள், அவர்களுக்குச் சுரண்டல் மட்டும்.

தீபாவளிக்கு முந்தைய நாள் செய்வது நல்லது. நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் தண்ணீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளியில் இரண்டு நாள், குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும், அதுவரை மிஞ்சினால்.

செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள், அடுத்த மாத இதழில் வெளியிடுகிறோம். எத்தனை லிட்டர் பால், எவ்வளவு சர்க்கரை என்பதோடு, யார் யார் எவ்வளவு நேரம் துழாவினார்கள் என்பதையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். அது இல்லாத கடிதங்கள் பிரசுரத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா.

தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்