லத்தி எதற்கு? துண்டு போதும்

2025 மே 7 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நடந்த போர்க்கால ஒத்திகையை டிவியில் பார்த்த நாளிலிருந்து எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒரு ஆசை. ஊருக்கு ஒரு பாதுகாப்புக் குழு வேண்டுமாம். எங்கள் உத்திரமேரூர் ஒன்றியத்துக்குக் கல்பாக்கம் ஒன்றும் தொலைவில்லை. கேட்டதில் தப்பில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வி, "நர்சம்மா, கார்டு குடுப்பாங்களா?" அடுத்த கேள்வி லத்தியைப் பற்றி.

எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். 2018 மே மாதம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. காரில் இருந்த வயதான அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூடி அடித்தார்கள், அந்த அம்மா செத்தே போனார். அடித்தவர்கள் எல்லாருமே ஊரைக் காப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்து, கையில் கம்பையும் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

இன்னொரு கதை நம் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டில் காயம்பட்டவர்களில் ஒருவர், அப்போது காஞ்சிபுரத்தில் ஏ.எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப். பிழைத்தெழுந்த அவர் 1993-இல் ராமநாதபுரத்தில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவில் நல்ல பிள்ளைகள் நிற்க வேண்டும் என்பது எண்ணம். மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது இந்தத் தன்னார்வலர்களின் பெயரும் அடிபட்டது. அமைப்பு மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே அரசு தடை போட்டது. நல்ல எண்ணத்தில் பிறந்த ஒன்று ஏன் இப்படி முடிந்தது? ஸ்டேஷனுக்குள் யார் வருகிறார், எதற்கு வருகிறார், எதைச் செய்யக் கூடாது என்பதைக் கண்டிப்பாகப் பார்க்க ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே பையன்களிடம் சொன்னேன்: ஆளைப் பிடிப்பது நம் வேலை இல்லை. அதற்கு 112 இருக்கிறது. குண்டோ, அரிவாளோ, கல்குவாரி லாரியோ, எதனால் அடிபட்டாலும் 108 வந்து சேரும்வரை அந்த உயிரைப் பிடித்துவைப்பதுதான் நம் வேலை. இங்கிருந்து காஞ்சிபுரமும் சரி, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும் சரி, முப்பது கிலோமீட்டர் அளவில். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவனுக்கு ஐந்து நிமிடமே அதிகம்.

ஒருவனைத் தரையில் படுக்கவைத்து அவன் தோளில் கிடந்த துண்டையே எடுத்தேன். காயம் இங்கே என்றால் துணியைச் சுருட்டி உள்ளே திணி. இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்பின் எடை முழுவதும் இறங்கும்படி அமுக்கு. நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காதே. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வை. கை காலில் அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால் காயத்துக்கு நாலு விரல் மேலே அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கு. மூட்டின் மேல் கட்டாதே. கட்டிய நேரத்தை நெற்றியிலாவது எழுதிவை. கயிறும் கம்பியும் ஆகாது. குத்திய கத்தி உள்ளேயே இருந்தால் பிடுங்காதே. காபித்தூள், மஞ்சள்தூள் எல்லாம் சமையலறையோடு நிற்கட்டும். (என் பணிக்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், காபித்தூள் டப்பா இன்னும் தோற்கவில்லை.)

போலீஸ் கேஸ் என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு செய்தி. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவியவருக்கான பாதுகாப்பை 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்; அவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-இல் விதியும் வந்துவிட்டது.

குண்டு வெடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடுவது நம் ஊர்ப் பழக்கம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். அரசு மருத்துவமனை வளாகம்கூடத் தப்பவில்லை. ஒரு குண்டு வெடித்தால் அடுத்ததும் இருக்கலாம் என்று எண்ணிக் கூட்டத்தை விலக்கி, ஆம்புலன்ஸுக்கு வழி விடவைத்து, கேட்பாரற்ற பையைத் தொடவிடாமல் நிற்க நாலு பேர் போதும். அவர்கள் செல்போனில் படம் எடுக்காதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் எங்கள் ஒன்றியத்தில் குண்டைவிட அரிவாள்தான் பக்கத்தில் இருக்கிறது. காலையில் காஞ்சிபுரம் பஸ்ஸில் படியில் தொங்கும் பையன்களின் கையைப் பாருங்கள், கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லிவிடும். சென்னை சட்டக் கல்லூரியில் 2008 நவம்பர் 12 அன்று போலீஸ் வெளியே நிற்க, மாணவர்கள் மாணவர்களையே கட்டையால் அடித்ததை நாடே டிவியில் பார்த்தது. அன்று திடீரென்று முளைத்த பகையா அது? ஒரு போஸ்டரில் அம்பேத்கர் பெயர் விடுபட்டதிலிருந்தே புகைந்துகொண்டிருந்தது.

நாங்குநேரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவன் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஆசிரியர்கள் விசாரித்தார்கள். சக மாணவர்களின் தொல்லை வெளியே வந்தது, புகார் ஆனது. அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. பிள்ளை வராததைக் கவனித்துக் கேட்டது வரை எல்லாம் சரி. புகார் சொன்ன பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அன்று ராத்திரி எல்லாச் சாதியிலிருந்தும் பெரியவர்கள் நாலு பேர் போய் உட்கார்ந்திருந்தால்? தன்னார்வலர் என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த நாலு பேர்தான். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, எல்லாச் சமூக மாணவர்களையும் சேர்த்து 'சமூக நீதி மாணவர் படை' அமைக்கச் சொன்னது. கைக்கயிற்றுக்குத் தடை கேட்டதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிட்டோம்.

யாரைச் சேர்ப்பது? சோழ மன்னன் பராந்தகன் காலத்தில் ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் கல்வெட்டு எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே இருக்கிறது. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை, அதை வைத்துப் பெருமை அடிக்க எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் யாரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதிவைத்தார்களே, அது உருப்படியான காரியம். கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வர முடியாது, அவன் உறவுக்காரனும் வர முடியாது. பதவி 360 நாள்தான். நமக்கும் அப்படி வேண்டும். சாதிச் சங்கப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம், அடிதடி வழக்கு உள்ளவர் வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தெரியாமல் ஊரில் எந்தச் சண்டையும் மூளுவதில்லை.

இதற்குக் காசு அதிகம் ஆகாது. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் காட்டுகிறார்கள். அதோடு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சேர்த்து முதலுதவிப் பயிற்சி கேட்கலாம். மாணவர் உதவிக்கு 14417, குழந்தைகளுக்கு 1098 என்று பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். குழுவில் யார் யார், எத்தனை நாளுக்கு என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். லத்தி கேட்பவரின் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.