ரிசர்வ் குமிழ் எங்கே போச்சு?

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும், ஊத்தினால் ஓடும், இதுல என்னய்யா பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். பழைய வண்டிக்கு அது சரி. புது வண்டிக்குச் சரியில்லை என்பதுதான் என் கட்சி.

பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட் ஓட்டியவர்களுக்கு டேங்குக்கு அடியில் இருந்த குமிழ் ஞாபகம் இருக்கும். ரிசர்வ் என்றால் தனி டேங்க் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படியெல்லாம் இல்லை. ஒரே டேங்க்தான். மெயினுக்கு உயரமான குழாய், ரிசர்வுக்குக் கீழ்மட்டத்தில் ஒரு வழி. பெட்ரோல் மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி திணறும். குமிழைத் திருப்பினால் மறுபடி ஓடும். நம்ம ஊரில் "ரிசர்வ் விழுந்துடுச்சு" என்போம், நான் இருக்கும் நாக்பூரில் "ரிசர்வ் லக் கயா" என்கிறார்கள். அதுவும் தீர்ந்தால் கார்புரேட்டர் காலியாகும். அடியில் தங்கிய கசடு கொஞ்சம் உள்ளே போகலாம். சுத்தம் பண்ணினால் முடிந்தது கதை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. கூடவே குமிழும் போச்சு. இப்போது டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் முங்கிக் கிடக்கிறது. அதைக் குளிர வைப்பதும், தேயாமல் காப்பதும் அதே பெட்ரோல்தான். காலியானால் பம்ப் காற்றை இழுத்துச் சூடாகும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகிவிடாது. அதுவே வழக்கமானால் பம்பின் ஆயுள் குறையும். மாற்றச் சில ஆயிரங்கள் ஆகும்.

பி.காம். படித்தவனுக்கு எதற்கய்யா பம்ப் ஆராய்ச்சி என்றால், இதில் கணக்கு இருக்கிறது. பைக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருபவர்களில் உணவு டெலிவரி பண்ணும் பையன்களும் உண்டு. அன்றாடம் கையில் உள்ளதற்கு, நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போடுகிறவர்கள். "டேங்கை நிரப்பி வை தம்பி" என்று மாதச் சம்பளக்காரன் சொல்வது சுலபம். தவணையோடு பம்ப் செலவும் சேர்ந்தால் அவன் மாசம் துண்டு விழும்.

அதனால் அவனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. திணறிக்காட்டி எச்சரித்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, மீட்டரில் ஒரு கோட்டைச் சிமிட்ட விட்டால் போதுமா? வெயிலில் அது கண்ணில் படுமா? சாவி கொடுக்கும்போது பூ, எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் உண்டு. இந்த இரண்டு வரியைச் சொல்ல மட்டும் ஷோரூமில் யாருக்கும் நேரமில்லை. கம்பெனிகள் அதைச் சொல்ல வேண்டும், எச்சரிக்கையையும் காதில் விழும்படி வைக்க வேண்டும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சேமிப்புக் கணக்கு போல டேங்கிலும் ஒரு குறைந்தபட்ச இருப்பு வையுங்கள். கடைசிக் கோடு சிமிட்டினால் அடுத்த பங்க்கிலேயே நிறுத்துங்கள். மீறித் தீர்ந்துபோனால், பெட்ரோல் ஊத்தியதும் செல்ஃபை அமுக்கிக்கொண்டே நிற்காதீர்கள், பேட்டரியும் போய்விடும். சாவியைப் போட்டு, பம்பின் ரீங்காரம் அடங்கும்வரை பொறுத்து, அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

இதைப் பக்கத்து வீட்டு டெலிவரி தம்பிக்கும் சொல்லுங்கள். நமக்கு இது தகவல், அவனுக்கு ஒரு வாரச் சம்பாத்தியம்.