கரடிக்கு இடாத அன்னம்

அன்னமிடுவதே தர்மங்களில் தலையாயது என்று சிறு பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். அன்னத்தைப் பூட்டி வைப்பதே தர்மமாகிவிடும் இடமும் உலகில் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்திலுள்ள யோசெமிட்டி வனம் அத்தகைய இடமாகும்.

வானளாவிய பாறைகளும் அருவிகளும் நிறைந்த இவ்வனம் 1890-இல் தேசியப் பூங்காவாயிற்று. முதுகில் மூட்டை சுமந்து, மலைவழியே பல நாள் நடந்து, இரவில் கூடாரமடித்துத் தங்குவோர் இங்கே ஏராளம். அவர்களுடைய மூட்டையில் உணவு உண்டு. அவர்களைச் சூழ்ந்த காட்டில் கரடியும் உண்டு. கரடியின் மூக்கோ மகா கூர்மையானது. குளிர்காலத்தை உறங்கிக் கழிப்பதற்காக, அதற்கு முந்திய மாதங்களில் அது ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை உண்ணக்கூடும். பழமும் கொட்டையும் பொறுக்கி அவ்வளவு சேர்க்கப் பகல் முழுதும் அலைய வேண்டும். மனிதனுடைய மூட்டை கிடைத்தாலோ அரை நாழிகையில் வயிறு நிரம்பிவிடுகிறது!

இந்தப் பழக்கத்தைக் கரடிக்குக் கற்பித்தவன் மனிதனே. 1920-களிலும் 30-களிலும் பூங்காவில் இரவு தோறும் விளக்கேற்றி, எச்சில் உணவைக் கொட்டி, கரடிகள் உண்பதை ஜனங்களுக்கு வேடிக்கை காட்டி வந்தார்கள். 1940-இல் அந்த வேடிக்கை நின்றது. கரடியின் நாக்கு அந்த ருசியை மறக்கவில்லை. அது கூடாரங்களைத் தேடி வந்தது. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளின் கதவைப் பிளக்கவும் கற்றுக்கொண்டது. 1998-ஆம் வருஷத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு சேதமுற்றன.

உணவுப் பையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுவது பழைய உபாயம். கரடி மரமேறும், கயிற்றையும் கடிக்கும். ஆகையால் யோசெமிட்டியில் அவ்வாறு தொங்கவிடுவது இன்று சட்ட விரோதம். அதற்குப் பதிலாக, உருளை வடிவமான கெட்டி டப்பா ஒன்றைச் சுமந்து செல்ல வேண்டும். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கரடி கவ்வ முடியாத பருமன், வழவழப்பான மேனி. சிலவற்றின் மூடியை ஒரு நாணயத்தைக் கொண்டு திருகித் திறக்கலாம்; கரடியிடம் நாணயம் ஏது!

டப்பாவினுள் உணவு மட்டும் வைத்தால் போதாது. சோப்பு, பற்பசை, குப்பை முதலிய வாசனையுள்ள யாவும் உள்ளே போக வேண்டும். இரவில் அதைக் கூடாரத்திலிருந்து தள்ளிச் சமதரையில் வைக்க வேண்டும். சரிவிலோ ஆற்றங்கரையிலோ வைத்தால் கரடி உருட்டிவிட்டுப் போய்விடும். மறுநாள் யாத்திரிகர் பட்டினிதான். டப்பாவில் கயிறு கட்டுவதும் தவறு. கரடி தூக்கிச் செல்ல அதுவே பிடியாகிவிடும்.

கரடியும் புத்தியில் குறைந்ததன்று. நியூயார்க் மாகாணத்து அடிராண்டாக் மலைகளில் ஒரு பெண் கரடி ஒருவகை டப்பாவைத் திறக்கும் வித்தையைக் கண்டுபிடித்தது. செய்தவர்கள் மூடியில் இரண்டாவது தடையொன்றை வைத்தார்கள். அதையும் அது வென்றது!

இத்தனை பாடும் நமது ரொட்டித் துண்டைக் காப்பதற்கு மட்டுந்தானா? மனிதருடைய உணவை ருசி கண்ட கரடி அச்சத்தை இழந்துவிடுகிறது. வேறு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. இறுதியில் மனிதருக்கு ஆபத்தென்று அதைக் கொன்றுவிட நேரிடுகிறது. இரக்கத்தினால் எறிந்த ஒரு கவளமும், அஜாக்கிரதையால் திறந்து கிடந்த ஒரு பையும் அதன் மரணத்துக்குக் காரணமாகலாம்.

பூட்டிய டப்பாவைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பும் கரடி, விடிந்ததும் தன் காட்டிலேயே இரை தேடும். அவ்வாறு தேடித் தின்னும் கரடிதான் நெடுநாள் வாழும்.