இருபது மீட்டருக்குக் கீழே



இந்த இதழ் வேலைக்காக இந்திய நில அளவைத் துறையின் 57 பி/16 எண் வரைபடத்தை விரித்துவைத்திருக்கிறோம். கீழ்புத்துப்பட்டு, கழுவெளி ஏரி, மரக்காணம் எல்லாம் இந்த ஒரே தாளில் வந்துவிடுகின்றன. புதுச்சேரி நகரம் தெற்கே அடுத்த தாளுக்குப் போய்விட்டது. கடலோரத் தாள்கள் வெகுகாலம் கட்டுப்பாட்டில் இருந்தவை. இப்போது பொதுமக்களுக்கான பதிப்புகள் கிடைக்கின்றன.

படிப்பதும் சிரமமில்லை. நீலம் தண்ணீர், மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு ஊரும் சாலையும். பச்சை என்றால் மரங்கள். கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டுக்கு இந்த அளவில் சிறு திட்டுதான் கிடைக்கும். ஆனால் இந்தக் கரையில் மிஞ்சியிருக்கும் பழைய உலர் பசுமைமாறாக் காடு அது. தாவர ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். அய்யனாருக்குப் பயந்து கோடாலி வைக்காததால் பிழைத்தது என்பது என் கட்சி.

எனக்கு உறுத்துவது பழுப்புக் கோடுகள். 1:50,000 அளவுத் தாளில் உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. செஞ்சி மலைக்கு அது சரி. செம்மண் மேட்டை விட்டு மரக்காணம் பக்கம் இறங்கினால் கோடே இல்லை. கழுவெளி, உப்பளம், குப்பம், கடைமடை வயல் எல்லாம் கடலுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில்தான். அங்கே அரை அடிதான் கணக்கு. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் நகர்வது அந்தச் சிறு சரிவை நம்பித்தான். கழுவெளியில் சேரும் மழைநீரும் அப்படித்தான், வடகிழக்கே முகத்துவாரத்தைத் தேடி மெல்ல நகர்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று இந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. மதகு திறந்துவிடும் பெரியவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவை வேலையின் வாரிசு இந்த வரைபடம். அதைக் குறை சொல்லவில்லை. மிச்சத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். ஏரி, மதகு, கலங்கல், தூர்ந்துபோன வாய்க்கால், மழைக்கு முதலில் தண்ணீர் நிற்கும் இடம் இவற்றைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். பென்சிலில் போட்டாலும் போதும். வந்தவற்றை வரும் இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்